பால் மறக்கிற மட்டும்

அம்மா,

இன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் வேப்பிலை அரைத்த வாசனை வந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, இருபது வயதுதான் இருக்கும், கொட்டாங்கச்சியில் பச்சை விழுதை வைத்துக்கொண்டு முந்தானைக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த குழந்தை வாயை வைத்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வீறிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “இன்னாம்மா பண்றே?” என்று கேட்டேன். “பால் மறக்கடிக்கிறேன் நர்சம்மா. ரெண்டு வயசு ஆயிடுச்சி. இன்னும் வுடமாட்டேன்னுது” என்றாள்.

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மருந்துத் தட்டை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வேலூருக்குப் பிரசவத்துக்கு வருகிற பெண்களை எல்லாம் அதட்டி உருட்டுகிறவள் நான். முப்பத்திரண்டு வயது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். யாராவது பார்த்திருந்தால் நர்சம்மாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள்.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. எனக்குத் தெரிந்தே இருபது நாள்தான். தம்பி தேடிக்கொண்டு வந்து சொன்னான். உனக்கு எழுத்துத் தெரியாது. இருந்தபோது நான் ஒரு கடிதம் போட்டதில்லை. போட்டால் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்வாய். நான் உனக்குச் சொல்ல வேண்டியது இன்னொருத்தர் வாயிலிருந்து உன் காதில் விழக்கூடாது என்று இருந்தேன். இப்போது அந்தக் கவலை இல்லை. அதனால் எழுதுகிறேன். இது என்ன புத்தி என்று நீ திட்டினால் அதுவும் சரிதான்.

நைனா உன்னோடு உறவை அறுத்துவிட்டது எதனால் என்று நீ ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. அத்தை ஒரு கதை சொன்னாள். ஆம்பூரில் வேறு கதை சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நைனா அடித்த அடியில் உன் இடது காது போயிற்று என்பதுதான். ராத்திரி நான் அந்தப் பக்கம் படுத்தால், “இங்க வந்து படு, அழுதா எனக்குக் கேக்காது” என்று தூக்கி மறுபக்கம் போடுவாய். நம் சாதியில் அறுத்துக்கொள்வது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஊர் கூடி உட்கார்ந்து, ஒரு துரும்பை எடுத்து இரண்டாய்க் கிள்ளிப் போட்டால் புருஷன் பெண்சாதி உறவு தீர்ந்தது. அவனும் வேறு கட்டிக்கொள்ளலாம், அவளும் வேறு கட்டிக்கொள்ளலாம். பிள்ளைக்குத்தான் அந்த வழி இல்லை. பிள்ளை அப்பன் வீட்டுக்குப் போய்விடும்.

அப்போது நான் பத்து மாதக் குழந்தை. நாட்டாண்மை சொன்னதை நீ எத்தனையோ தரம் எனக்குச் சொல்லியிருக்கிறாய், அவர் குரலிலேயே.

“விதை போட்டவனுக்குத்தான் வெள்ளாமை. அதுல பேச்சு இல்ல. ஆனா பால்குடிப் புள்ளைய ஆத்தாகிட்டருந்து பிச்சி எடுத்தா அந்தப் பாவம் நம்மளச் சுத்தும். பால் மறக்குற மட்டும் ஆத்தாகிட்ட இருக்கட்டும். மறந்த அன்னிக்கி அப்பன் வந்து கூட்டினு போவட்டும்.”

மற்றவர்களுக்கு அது ஒரு வருஷக் கணக்கு. மிஞ்சிப்போனால் இரண்டு. நீ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாய். பால் மறக்கிற மட்டும்தானே? மறக்கவிட்டால்தானே?

என்னைத் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்கு வந்து, தோல் பதனிடுகிற ஷாப்பில், தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டையைக் காயவைத்துக் கொத்துகிற வேலையில் சேர்ந்தாய். ஊரெல்லாம் நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எனக்கு அந்த நாற்றத்தில்தான் தூக்கம் வரும். கூலி வந்ததும் முதலில் வாங்குவது பூண்டு. பிறகு பால்சுறாக் கருவாடு. முருங்கைக்கீரை காசில்லாமல் கிடைத்தது. நீ ருசிக்குத் தின்று நான் பார்த்ததில்லை. பால் ஊறுமா என்று கேட்டுத்தான் எதையும் தின்றாய். எனக்கு இரண்டு முடிந்து மூன்று வந்தது, மூன்று போய் நாலு வந்தது. பல் முழுக்க முளைத்து, கரும்பு கடிக்கிற வயசில் நான் பால் குடித்துக்கொண்டிருந்தேன்.

அதுவும் மறைவாக இல்லை. மத்தியானம் வேலை விட்டதும் பட்டைக் களத்தில் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு மடியில் போட்டுக்கொள்வாய். உனக்குச் சாட்சி வேண்டும். கூட வேலை செய்த பீபியம்மாவிடம், “பாத்துக்க பீபி. நாளைக்கி யாராச்சும் கேட்டா நீதான் சொல்லணும்” என்பாய். அவள், “இன்னும் இன்னா பாக்கறது? தெனம் இதே பேஜார்தானே உன்னோட” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். தெருப் பிள்ளைகள் என் பின்னாலேயே வருவார்கள். “பால்குடி, பால்குடி, பல்லு மொளச்ச பால்குடி.” நான் கல்லை எடுத்து அடிப்பேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அத்தை பள்ளிகொண்டாப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவாள். நைனாவுக்கு அக்கா. முந்தானையில் முடிந்த கமர்கட்டை அவிழ்த்து என் கையில் வைத்துக்கொண்டே உன்னைப் பார்த்துக் கேட்பாள். “இன்னா, பால் மறந்துச்சா?”

“இன்னும் இல்ல அண்ணி.”

வாயால் சொன்னால் போதாது என்று, கமர்கட் தின்றுகொண்டிருந்த என்னை இழுத்து அவள் முன்னாலேயே மடியில் போடுவாய். வாயில் இனிப்போடு நான் பால் குடித்துக் காட்டுவேன். அத்தை வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு எழுந்து போவாள். வண்டி தெருக்கோடி தாண்டியதும் நீ என்னை இறுக்கிக்கொண்டு சிரிப்பாய். எனக்கு அது ஒரு விளையாட்டு, நாம் இருவரும் சேர்ந்து அத்தையை ஜெயிக்கிற விளையாட்டு.

பிறகு அவர் வந்தார்.

அவரைப் பற்றி இப்போது நியாயமாகப் பேச எனக்குத் தெரியும். அவர் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் நனைக்கிறவர். கையெல்லாம் வெளுத்துப் பாளம் பாளமாய் வெடித்திருக்கும். உரக்கப் பேச மாட்டார். துண்டுத் தோலில் எனக்கு அளவெடுத்துச் செருப்புத் தைத்துக் கொண்டுவந்தார். அந்தத் தெருவில் செருப்புப் போட்ட முதல் குழந்தை நான்தான். ஒன்றை அன்றைக்கே சாக்கடையில் போட்டேன். மற்றதைப் பீபியம்மா வீட்டு நாய்க்குக் கொடுத்தேன்.

தனியாக இருக்கிற பெண்ணுக்கு ஷாப்பிலும் தெருவிலும் என்னென்ன தொல்லை என்று இன்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாயில் என் இடம் சுவரோரமாகப் போய்விட்டது. பந்தலும் இல்லை, மேளமும் இல்லை. என்னைப் பீபியம்மாவிடம் விட்டுவிட்டு எங்கேயோ போய்ப் புது மஞ்சள் கயிற்றோடு வந்தாய். நம் கொடியில் அவர் சட்டை தொங்கியது. அதை இழுத்துச் சேற்றில் போட்டு மிதித்தேன். அன்றுதான் நீ என்னை முதன்முதலாக அடித்தாய். “சின்ன நைனான்னு கூப்புடு” என்றாய். நான் கூப்பிடவில்லை. அவர் செத்து ஆறு வருஷமாகிறது, கடைசிவரை கூப்பிடவில்லை.

கட்டிக்கொள்ளும் முன்பே பீபியம்மா உன்னை எச்சரித்தாளாம், பிற்பாடு அவள்தான் சொன்னாள். “இன்னொருத்தன் வூட்டுக்குப் போய்ட்டா புள்ளைய வுடமாட்டாங்க. யோசன பண்ணு” என்றாளாம். நீ சிரித்தாயாம். “பால் மறக்குற மட்டும்னுதான் சொன்னாங்க பீபி. வேற கட்டிக்கிற மட்டும்னு சொல்லல.” உன்னிடம் வக்கீல் தோற்றான். ஆனால் உன் வயிறு உனக்கு எதிர்க்கட்சியாகிவிட்டது. தம்பி உண்டாகிவிட்டான். மூன்றாம் மாதமே பால் தண்ணீராகி, கசந்து, ஒருநாள் நின்றேவிட்டது. நீ இரண்டு கையாலும் பிசைந்து பார்த்தாய். வெந்தயம் தின்றாய், கருவாடு தின்றாய், வாந்தி எடுத்தாய், மறுபடியும் தின்றாய். “ஒரு சொட்டு வந்தா போதும் பாப்பா, ஒரே ஒரு சொட்டு” என்று என்னிடமே கெஞ்சினாய். நான் அதற்கு என்ன செய்ய முடியும்?

அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிகொண்டாவிலிருந்து ஆள் வந்தான். அறுத்துக் கட்டிக்கொண்டவளிடம் பிள்ளையை விட முடியாது, ஞாயிற்றுக்கிழமை நாட்டாண்மையே ஆம்பூருக்கு வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாய்.

“பால் குடிக்கிறியான்னு கேட்டா இன்னா சொல்லுவ?”

“குடிக்கிறேன்.”

“மறந்துட்டேன்னு சொன்னா?”

“கூட்டினு போய்டுவாங்க.”

“எங்க கூட்டினு போவாங்க?”

“நைனா வூட்டுக்கு.”

“அப்ப நீ இன்னா சொல்லணும்?”

“குடிக்கிறேன்.”

பத்துத் தரம் கேட்டாய். பத்துத் தரமும் சரியாகச் சொன்னேன். என் வாயில் முத்தம் கொடுத்தாய். கோணிப்போன வகிட்டைக் கலைத்து மறுபடி எடுத்தாய்.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். நைனா தலையைக் குனிந்துகொண்டு துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். பேசினதெல்லாம் அத்தைதான். “எங்க புள்ள இன்னொருத்தன் சோத்தைத் தின்னு வளரணும்னு தலையெழுத்தா? அப்டியே பால் இருந்தாலும் அது அவன் புள்ளைக்கு ஊறுற பாலு. அதுல எங்க புள்ளைக்கு இன்னா பங்கு?” என்றாள்.

கூட்டத்தில் பலர் ஆமாம் ஆமாம் என்றார்கள். நீ வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து நின்றாய். “பாலுக்கு ஏது சாமி அப்பன்? பாலு ஆத்தாளுது” என்றாய். எனக்கு அன்று விளங்கவில்லை. இன்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. எழுத்துத் தெரியாத பெண் நீ, எங்கிருந்து பிடித்தாய் அந்தப் பேச்சை?

நாட்டாண்மை அத்தையைக் கையமர்த்தினார். நல்ல மனுஷர்தான், அதுதான் கொடுமை. “அவ சொல்றதும் நாயந்தான். பால் மறக்குற மட்டும்னு சொன்னவன் நான். கட்டிக்கினா மாறும்னு அன்னிக்கிச் சொல்லல, இன்னிக்கி மாத்த மாட்டேன். ஆனா மறந்துச்சா இல்லியான்னு பெரியவங்க சொன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. புள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதையே கேப்போம்” என்றார். பீபியம்மா சாட்சி சொல்ல வந்திருந்தாள். அவளைக் கேட்கவே இல்லை.

என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கன்னத்தைத் தட்டிக் கேட்டார். “இன்னா கண்ணு, பெரிய பொண்ணா ஆய்ட்ட. இன்னும் ஆத்தாகிட்ட பால் குடிக்கிறியா? இல்ல மறந்துட்டியா?”

கோயில் மதில்மேல் உட்கார்ந்திருந்த தெருப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். “பால்குடி!” என்று ஒருத்தன் கத்தினான்.

“மறந்துட்டேன்” என்றேன்.

நீ முதலில் சிரித்தாய். வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தாய். “பாப்பா, தாத்தா கேக்கறது உனக்குப் புரியல. நல்லா கேட்டுட்டுச் சொல்லு” என்றாய். நாட்டாண்மை இன்னொரு தரம் கேட்டார். நான் உன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், “மறந்துட்டேன்.”

அதன்பிறகு நீ செய்ததை நான் எழுத வேண்டுமா? மண்ணில் விழுந்தாய். ஐந்து மாத வயிற்றோடு விழக்கூடாதவள் விழுந்தாய். நாட்டாண்மை காலைப் பிடித்தாய், அத்தை காலைப் பிடித்தாய், உன் காதை உடைத்த நைனாவின் காலைக்கூடப் பிடித்தாய். அப்போது கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த அவர், எனக்குச் செருப்புத் தைத்தவர், முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாட்டாண்மையைக் கும்பிட்டார். “சாமி, நான் கட்டிக்கினதுதான் தப்புன்னா, இப்பவே ஒரு துரும்பு குடுங்க. கிள்ளிப் போட்டுட்டுப் போய்டறேன். புள்ளைய அதுகிட்ட வுட்டுடுங்க” என்றார்.

அவருடைய குரல் அவ்வளவு பேருக்குக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

“வயித்துல இருக்கறதுக்கு யாரு பதில் சொல்றது? உக்காருப்பா” என்று நாட்டாண்மை அதட்டினார். புள்ள தன் வாயால சொன்ன பிறகு பேச்சில்லை என்று எழுந்துவிட்டார். அத்தை என்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தாள்.

அதற்குப் பிறகும் நீ விடவில்லை என்று எனக்குத் தெரியும். வேலூர்க் கோர்ட்டுக்குப் போய் மரத்தடியில் மனு எழுதுகிறவனிடம் உட்கார்ந்தாயாம். அவன் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் அனுப்பினானாம். சட்டத்திலும் அப்பனுக்குத்தான் பிள்ளை, அதிலும் வேறு கட்டிக்கொண்டவள் வந்து கேட்டால் ஜட்ஜு துரை காது கொடுத்தும் கேட்கமாட்டார் என்று குமாஸ்தா சொன்னானாம். உனக்கு இருந்ததே ஒரு காது. அதில் நீ கேட்டதெல்லாம் இப்படித்தான்.

பாலாற்றங்கரைக்கு நீ வந்த நாளை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் நைனா வீட்டுக்குப் போய் ஏழெட்டு மாதம் இருக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டி மொண்டு வருகிற வேலையை, நைனா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட சித்தி எனக்குக் கொடுத்திருந்தாள். உச்சி வெயில். மணலில் கால் சுடச்சுட ஒருத்தி கைக்குழந்தையோடு ஓடி வருகிறாள், பார்த்தால் நீ. விடியுமுன் ஆம்பூரில் புறப்பட்டு நடந்தே வந்திருந்தாய். கால் இரண்டும் வெந்திருந்தது. என்னைக் கட்டிக்கொள்ளக்கூட உனக்கு நேரமில்லை.

“பால் வந்துடுச்சி பாப்பா. ஜாஸ்தியா வந்துடுச்சி. குடி. ஒரு வாய் குடிச்சிட்டு வா, நேரா நாட்டாமகிட்டப் போவலாம். மறக்கலன்னு சொல்லு. அவுரு முன்னாடியே குடிச்சிக் காட்டு.”

தம்பியைத் துணியில் சுற்றி மணலில் கிடத்திவிட்டு, கரைநிழலில் உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டாய். கால்கள் மடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் குடிக்க விரும்பினேன் அம்மா. உன் கூட வர வேண்டும், அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும், அதற்கு இது ஒன்றுதான் வழி என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் என்னால் முடியவில்லை. எப்படிக் குடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாக்கை எங்கே வைப்பது, எப்படி இழுப்பது, ஒன்றும் தெரியவில்லை. என் பல் பட்டு நீ துடித்தாய்.

தம்பி அழுதான். அவனை எடுத்து விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தான். “இதோ பாரு, இப்டித்தான். பாரு பாப்பா, உனக்குத் தெரியும், நீ அஞ்சி வருசம் குடிச்சவ” என்று எனக்குக் காட்டினாய். நான் பார்த்தேன். மறுபடி முயன்றேன். மறுபடியும் முடியவில்லை. பல வருஷம் கழித்து, நர்சுப் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்: விட்டுச் சில மாதமானால் குழந்தைக்கு உறிஞ்சும் பழக்கமே போய்விடும், திரும்ப வராது. வகுப்பில் மற்றப் பெண்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பொய்யாகச் சொன்ன சொல்லை என் வாயே உண்மையாக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ. கடைசியில் நீயே, “போதும் கண்ணு” என்றாய். முந்தானையால் என் வாயைத் துடைத்தாய். என் குடத்தில் நீயே தண்ணீர் மொண்டு, வடிகட்டி, இடுப்பில் தூக்கி வைத்தாய். “நான் வந்தேன்னு சொல்லாத. அடிப்பாங்க” என்றாய். தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தாய். உன் ரவிக்கை முழுக்கப் பாலால் நனைந்திருந்தது.

பிற்பாடு நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். சித்திக்கு ஒரு வாய் குறையட்டும் என்று அத்தை என்னைக் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்து விடுதியில் சேர்த்தாள். படித்தேன், வேலைக்கு வந்தேன், சம்பளம் வாங்கினேன். ஆம்பூருக்கு உன்னைப் பார்க்க மூன்று தரம் வந்திருக்கிறேன். மூன்றே மூன்று தரம். ஒவ்வொரு தரமும் நீ சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நீ கேட்டிருந்தால் நான் சொல்லித் தொலைத்திருப்பேன். கடைசித் தரம் வந்தபோது உன் இடது பக்கமாக, கேட்காத காதுப் பக்கமாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டு நீ திரும்பினாய். “இன்னா சொன்ன?” என்றாய். “கொழம்பு நல்லா இருக்குன்னேன்” என்றேன். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாய்.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். சொல்லுகிறவர்கள் சும்மா சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

தம்பி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று பேசினான். அப்படியே அவர் முகம், அவர் கை. சுண்ணாம்புத் தொட்டியில்தான் அவனுக்கும் வேலை. அம்மா கடைசி வாரம் முழுக்க என் பேச்சாகவே இருந்தாள் என்றான். “கூட்டத்துல எல்லாரும் சிரிச்சாங்களாம் இல்ல அக்கா? ‘பாவம், சின்னப் புள்ள, வெக்கத்துல சொல்லிட்டா. அது இன்னா பண்ணும்? நான்தான் ஊருக்கு நடுவுல உக்காந்து பால் குடுத்து அந்தப் புள்ளைய வெக்கப்பட வெச்சேன். தப்பு என்னுது’, இதையேதான் சொல்லிக்கினு இருந்திச்சி” என்றான். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், வெட்கத்தில்தான் என்றேன். நீ செத்த பிறகும் உன் பிள்ளையிடம் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

வெட்கம் இல்லை அம்மா. தப்பு உன்னுடையதும் இல்லை. இருபத்தேழு வருஷமாக இதை ஒருத்தியாகச் சுமக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

தெருப் பிள்ளைகள் சிரித்தது என் காதில் விழுந்தது. ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. எனக்கு அவர்கள் சிரிப்பு பழகிப்போனது. கல்லால் அடிக்கத் தெரிந்தவள் நான். அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன ஆகும் என்று நீதான் காலையில் பத்துத் தரம் சொல்லிக்கொடுத்தாயே. தெரிந்துதான் சொன்னேன். என்னை நைனா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். கூட்டிக்கொண்டு போனால் நீ என்னை விட்டுவிட்டு இருக்கமாட்டாய். அந்தச் சட்டையையும் அந்த ஆளையும் அங்கேயே விட்டுவிட்டு என் பின்னாலேயே வந்துவிடுவாய். பாயில் மறுபடியும் நீயும் நானும்தான். ஐந்து வயதுக்காரிக்கு அவ்வளவுதான் கணக்குத் தெரிந்தது. நீ மண்ணில் விழுந்து புரண்டபோதுகூட, இதோ எழுந்துவிடுவாய், எழுந்து வருவாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என்னை வண்டியில் நடுவில்தான் உட்காரவைத்தாள். நான் நகர்ந்து ஓரத்துக்குப் போய், பாவாடையை இழுத்து முட்டியைக் கட்டிக்கொண்டு, குறுகி உட்கார்ந்துகொண்டேன். “விழுந்துடுவ, நடுவுல உக்காரு” என்று அத்தை அதட்டினாள். நான் நகரவில்லை. வண்டி மாதனூர் தாண்டும்வரை அப்படியே ஒண்டிக்கொண்டு வந்தேன். நீ வந்து ஏறினால் உட்கார இடம் வேண்டுமே, அம்மா.